தெரியாது என்று சொல்லும் வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. வீட்டு வாசலில் நின்றிருந்த என்னிடம் இளைஞர் ஒருவர் ஒரு தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அவர் கையில் மருந்துக்கடைப் பை இருந்தது. அந்தத் தெருவின் பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். அது எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் குடியிருப்பவன் ‘தெரியாது’ என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டி, “நேராகப் போய் வலப்புறம் திரும்புங்கள்” என்றேன். அவர் நன்றி கூறி விரைந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் களைத்துப்போய் அதே வழியில் திரும்பி வந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. என்னிடம் மீண்டும் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று விசாரித்தார்.

நான் சொன்னது பொய்யா? அவருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. உதவ வேண்டும் என்றே விரும்பினேன். ஆயினும் அது பொய்தான். அந்தப் பொய் தெருவைப் பற்றியது அன்று; என்னைப் பற்றியது. அறியாத ஒன்றை அறிந்தவனாக நான் என்னைக் காட்டிக்கொண்டேன்.

இயந்திரம் எழுப்பிய கேள்வி

கட்டடங்களுக்குள் பார்வையாளர்களை அழைத்துச் சென்று வழிகாட்டும் ரோபோக்களைப் பற்றிப் படித்தபோது, மறந்திருந்த இந்நிகழ்ச்சி மீண்டும் நினைவுக்கு வந்தது.

1997-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில் ‘ரைனோ’ என்ற ரோபோ ஆறு நாட்கள் வழிகாட்டியாகப் பணியாற்றியது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோரை அது சந்தித்தது, ஏறத்தாழ 18.6 கிலோமீட்டர் தூரம் நகர்ந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ‘மினெர்வா’ என்ற ரோபோ இரண்டு வாரங்கள் இதே பணியைச் செய்தது.

இத்தகைய ரோபோவை உருவாக்குவதில் எது கடினம்? காட்சிப் பொருள்களைப் பற்றிப் பேசவைப்பது அன்று. அதற்கு ஒலிப்பதிவு போதும். ‘நான் இப்போது எங்கே நிற்கிறேன்?’ என்பதை அது அறிந்துகொள்வதே கடினம். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் சக்கரம் தரையில் சற்று வழுக்கினாலும் கணக்குப் பிழையாகும். சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, சிறிது நேரத்தில் ரோபோ தான் இருப்பதாக நினைக்கும் இடம் வேறு, உண்மையில் நிற்கும் இடம் வேறு என்றாகிவிடும்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட தீர்வு சிந்திக்கத் தக்கது. ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒரே முடிவைப் பற்றிக்கொள்ளாமல், ‘இங்கே இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம், இதற்கு இவ்வளவு வாய்ப்பு, அதற்கு அவ்வளவு வாய்ப்பு’ என்று ரோபோ தன் ஐயத்தையே கணக்கில் வைத்துக்கொள்கிறது. சுவர்களையும் தூண்களையும் அளந்து பார்த்து, அந்த ஐயத்தை இடைவிடாமல் திருத்திக்கொள்கிறது. கண்ணாடிப் பெட்டிகள் ரைனோவின் உணர்கருவிகளுக்கு எளிதில் புலப்படவில்லை. ஆகவே தன் உணர்வை மட்டும் நம்பாமல், முன்னரே தரப்பட்ட வரைபடத்தையும் துணைக்கொண்டு அது விலகிச் சென்றது. தன் பார்வையில் படாததும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

உதவி கேட்ட உதவியாளன்

இதனினும் வியப்பூட்டுவது பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மனுவேலா வெலோசோ குழுவினர் உருவாக்கிய ‘கோபாட்’. விருந்தினரைச் சந்திப்பு நடைபெறும் அறைக்கு அழைத்துச் செல்வதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பொருள்களைக் கொண்டு சேர்ப்பதும் அதன் பணிகள். அதற்குக் கைகள் இல்லை. பல மாடிக் கட்டடத்தில், மின்தூக்கியின் பொத்தானை அழுத்த முடியாத ஒரு வழிகாட்டி எப்படிப் பணியாற்றும்?

அது கேட்கும்! மின்தூக்கியின் அருகே நின்று, அவ்வழியே வருவோரிடம் பொத்தானை அழுத்தித் தருமாறு வேண்டும். தான் நிற்கும் இடம் பற்றி ஐயம் மிகுந்தால், உடன் வருபவரிடமே இது எந்த இடம் என்று கேட்டுத் தெளியும் வகையிலும் அதை அமைத்தனர். இவ்வாறு பிறர் உதவியைக் கேட்டுக் கேட்டே கோபாட் ரோபோக்கள் 2014-ஆம் ஆண்டிற்குள் மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தன. இயலாமையை ஒப்புக்கொண்டதால் அவற்றின் பணி நிற்கவில்லை, நடைபெற்றது.

இது பணிவா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘இயந்திரத்திற்கு அகங்காரம் இல்லை. ஆகவே அது “தெரியாது” என்று காட்டுவதில் என்ன பெருமை? அதைப் பணிவு என்று போற்றலாமா?’

மறுப்பு நியாயமானதே. ரோபோவுக்கு ஐயம் என்பது ஓர் எண். நமக்கோ அது நாணம். முகம் சிவக்காமல், மதிப்புக் குறையுமோ என்று அஞ்சாமல் இயந்திரம் உதவி கேட்கிறது. அதனாலேயே அது கேட்பது அறமாகாது. விலை கொடுக்காமல் எவரும் பணிவைப் பெற முடியாது. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவன் மனிதன் மட்டுமே.

எனவே இங்கு அறம் இருப்பது இயந்திரத்தில் அன்று. அதை அமைத்தவர்களின் தீர்மானத்தில். தங்கள் படைப்பு எல்லாம் அறிந்ததுபோல் தோன்றட்டும் என்று அவர்கள் விரும்பியிருக்கலாம். அதன் குறையை வெளிப்படையாகச் சொல்லவைக்கும் வழியையே அவர்கள் தேர்ந்தனர். இன்று கேட்டதற்கெல்லாம் நொடியில் விடை கூறும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. தெரிந்ததைச் சொல்லும் அதே சரளத்தோடு அவை சில வேளைகளில் தவறானதையும் சொல்லிவிடுகின்றன. நான் ஓர் இளைஞருக்கு ஒரு மாலையில் இழைத்த பிழை, கவனமின்றி அமைக்கப்படும் ஒரு வழிகாட்டியின் மூலம் எண்ணற்றவர்களைச் சென்றடைய முடியும். இயந்திரத்தைப் படைப்பவன் தன் நேர்மையையும் அதனுள் வைக்கிறான். தன் பகட்டையும் அதனுள் வைக்கிறான்.

‘தெரியாது’ என்பதற்குப் பின்

ஆனால் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? கேட்டவரை விரைவில் அனுப்பிவிடுவதற்காகச் சொல்லப்படும் ‘தெரியாது’ உண்மையாக இருக்கலாம். அதில் அன்பு இல்லை. கோபாட் தன் குறையைச் சொல்லிவிட்டு விருந்தினரை விட்டு விலகுவதில்லை. உதவி பெற்று, அவரை அறைவாசல்வரை கொண்டு சேர்க்கிறது. பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், மூத்தோர் என ஏதோ ஒரு வகையில் நாம் அனைவருமே வழிகாட்டிகள். நம்மை நம்பி வருபவர்கள் நாம் எல்லாம் அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. பொய்யாக வழிகாட்டாமலும், பாதி வழியில் கைவிடாமலும் இருந்தாலே போதும்.

அன்று மாலை அந்த இளைஞர் விசாரித்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தத் தெரு தெரியாது. “எனக்குத் தெரியாது தம்பி. வாருங்கள், முனைக்கடையில் கேட்போம்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் நடந்தார்.

என் வாசலில் நின்றபடியே, அவர்கள் இருவரும் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கைகாட்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் அவர்கள் சென்றார்கள்.