பத்து நாளில் படிப்பது பாவமா?

தேர்வுக்குப் பத்தே நாள் இருக்கும்போது அவசர அவசரமாகப் படித்துப் பாஸ் செய்வது அறமா? நம் வார வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். மருத்துவம் படிக்கிறார். அவருக்கு நோயியல், அதாவது பெத்தாலஜி தேர்வு. பலரும் பாடநூலாக வைத்திருக்கும் ராபின்ஸ் புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். "பாஸ் இயர் கேள்விய மட்டும் மனப்பாடம் பண்ணா போதும் அண்ணே, எப்படியும் தேறிடலாம். ஆனா அது சரியா?" என்றார்.

நான் பொறியியல் மாணவன். நோயியலில், அவரோடு உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிய அளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி மருத்துவத்துக்கு மட்டும் உரியதல்ல. யூனியில் படிக்கும் நம் எல்லாருக்கும் உரியது.

வழக்கமாக இதற்கு மூன்று பதில் வரும்.

முதல் பதில், "எல்லாரும் அப்படித்தான் லா." எல்லாரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது. இதற்கு மேல் அந்தப் பதிலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது பதில், "உண்மையான பாடம் வார்டில்தான். ஹவுஸ்மேன்ஷிப்பில் இரண்டு வருஷம் இருக்கே, அப்போ கத்துக்கலாம்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். இரவு மூன்று மணிக்கு, கால் வீங்கிய ஒரு பாட்டி வார்டுக்கு வருகிறார். காரணம் இதயமாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், கல்லீரலாக இருக்கலாம், நரம்பு என்று நாம் பேச்சில் சொல்லும் சிரைக்குள் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு வரி மறந்தால் ஒரு காரணமே மறைந்துபோகும். ஆனால் விஷயம் எளிது. இரத்தக் குழாயின் உள்ளழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் அதை உள்ளே பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினாலும் புரதம் குறைந்தாலும் நீர் வெளியேறித் திசுவில் தேங்கும். இதைப் படித்தபோது, "அட, இது நம்ம திரவ இயக்கவியல் பாடமாச்சே!" என்று எனக்குத் தோன்றியது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் பட்டியலைத் தானே எழுதிவிடுவார். வார்டில் அனுபவம் கிடைக்கும். ஆனால் "ஏன்" என்று நிதானமாகக் கேட்க அங்கே யாருக்கு நேரம்?

மூன்றாவது பதில்தான் நம்மைப் போன்றவர்களிடம் அதிகம் வரும். "கீதையே பலனைக் கருதாதேன்னு சொல்லுது. மார்க் வந்தா வருது, போனா போகுது." பலனில் பற்று வைக்காதே என்றுதான் கீதை கற்பிக்கிறதே தவிர, வேலையை அரைகுறையாகச் செய் என்று எங்கும் சொல்லவில்லை. உண்மையில் பாஸ் இயர் தாளை மட்டும் மனப்பாடம் செய்பவர்தான் பலனைத் தவிர வேறெதையும் பார்க்காதவர். அவர் கையில் கீதையைக் கொடுப்பது வேடிக்கை.

அப்படியென்றால் பத்து நாளில் படிப்பது பாவமா? இல்லை என்பதே என் பதில். நேரம் குறைந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம். கட்டணத்துக்காகப் பகுதிநேர வேலை செய்திருக்கலாம். தேர்வு தேதியே மாறியிருக்கலாம். காரணம் தெரியாமல் ஒருவரைச் சோம்பேறி என்பது நம் வேலையல்ல. பேரிடரில் ஒரே நேரத்தில் இருபது பேர் வந்தால், யாரை முதலில் பார்ப்பது என்று மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார். அதை யாரும் கடமை தவறுதல் என்று சொல்வதில்லை. குறைந்த நேரத்தில் எதை முதலில் படிப்பது என்று தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான்.

தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதில், அதுவும் முதலில் நமக்கு நாமே காட்டிக்கொள்வதில். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்தபின் நூலைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மஞ்சள் மையால் கோடு போட்ட வரி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழக்கத்தை அறிவு என்று மனசு நம்பிவிடுகிறது. சத்தியம் என்பது பிறரிடம் பொய் சொல்லாமல் இருப்பது மட்டுமல்லவே. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பதும் சத்திய சோதனைதான்.

ஆகவே தம்பியிடம் நான் சொன்னது இதுதான். முதல் ஐந்து நாள் பொது நோயியலை மட்டும் எடுங்கள். செல் எப்படிக் காயப்பட்டுச் சாகிறது, அழற்சி, காயம் ஆறுதல், இரத்த ஓட்டக் கோளாறுகள், புற்றுக்கட்டி. நோயின் இருப்பிடம் செல்தான் என்று ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ 1858-இல் நூல் எழுதிய காலத்திலிருந்து இந்தத் துறையின் அடித்தளமே அதுதான். இரத்தம் நின்று இறந்த இதயத் தசை சில நாள் தன் வடிவத்தைக் காத்துக்கொள்கிறது. மூளையோ கரைந்து நீராகிறது. காசநோயில் திசு பாலாடைக்கட்டிபோல் ஆகிறது. ஏன் இந்த வேறுபாடு என்று புரிந்தால் மூன்று அத்தியாயத்துக்கு வழி திறக்கும். அடுத்த நான்கு நாளில் மாரடைப்பு, நீரிழிவு, காசநோய் என்று நம் நாட்டு வார்டுகளில் அடிக்கடி பார்க்கும் நோய்களைப் படியுங்கள். பாஸ் இயர் தாளைக் கடைசி நாளில், உங்களைச் சோதித்துக்கொள்ள மட்டும் எடுங்கள். விட்டுவிட்ட பாடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்பது நம் மரபு. ரிஷிகளுக்குப் பட்ட கடனைக் கல்வியால்தான் அடைக்க முடியும். மருத்துவ மாணவருக்கு இன்னொரு கடனும் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் நீலமும் இளஞ்சிவப்புமாகத் தெரியும் அந்த மெல்லிய துண்டு, பெயர் தெரியாத ஒரு மனிதரின் நுரையீரல், அல்லது சிறுநீரகம். அவர் பட்ட வலி இன்று நமக்குப் பாடம். அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் கடன் அப்படியே நிற்கும்.

"தேர்வு முடிஞ்சா யார் திரும்பிப் படிப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியாகச் செய்யும் சபதம் பெரும்பாலும் விடுமுறையோடு கரைந்துபோகும். அதனால்தான் அந்தத் தாளில் தேதியும் போட வேண்டும், ஒருவரிடமாவது காட்டவும் வேண்டும். நம் வார வகுப்பு எதற்கு இருக்கிறது? மாதம் ஒரு பாடத்தை மற்றவர்களுக்குப் புரியும்படி பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். பொறியியலோ, கணக்கியலோ, சட்டமோ, எந்தத் துறையாக இருந்தாலும் இது பொருந்தும். பிறருக்கு விளக்க முடியாததை நாம் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

தேர்வுக்கு முன் பேனாவைக் கோவிலில் வைத்து அர்ச்சனை செய்கிறோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். தேர்வு முடிந்தபின், விட்ட பாடங்களின் தாளையும் ஒருமுறை பிள்ளையார் முன் வைத்துப் பார்ப்போமே. கடன் எவ்வளவு பாக்கி என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. நமக்குத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறது.