எழுந்து நிற்க வைப்பது எது?

பூஜையறையில் நமஸ்காரம் செய்துவிட்டு எழுந்தால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மைசூரு கோகுலத்தில் எங்கள் டாக்டர் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பி.பி. பார்த்தார். மேல் அளவு 20-க்கும் அதிகமாக இறங்கியிருந்தது. நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை மேலே அனுப்ப வேண்டும். வயதானால் அந்த வேகம் குறையும் என்றார்.

எங்கள் மாடியில் தங்கி யோகம் பயிலும் சீனப் பெண் வேறு காரணம் சொன்னாள்: "பாட்டி, உங்கள் மண்ணீரலின் 'சி' என்னும் உயிர்ச்சக்தி இளைத்துவிட்டது. தெளிந்த சக்தி தலைக்கு ஏறவில்லை."

இந்தக் கருத்தை வளர்த்தவர் சீன மருத்துவர் லீ துங்யுவான் (1180–1251). 1232-இல் மங்கோலியர் முற்றுகையிட்ட கைஃபெங் நகரில் பசியாலும் களைப்பாலும் மக்கள் நோயுற்றதைக் கண்டார். உணவைச் சாரமாக்கி மேலே ஏற்றும் சக்தி சிதைந்ததே காரணம் என்றார். அதை உயர்த்த ஜின்செங், அதிமதுரம் சேர்ந்த கஷாயம் வகுத்தார். நம் யோக நூல்கள் சொல்லும் உதானன் என்னும் மேல்நோக்கு வாயுவும் இதை ஒத்த கருத்துதான்.

அப்படியானால் சியும் உதானனும் உண்மையா? எந்தக் கருவியும் அவற்றை அளந்ததில்லை. மண்ணீரல் உணவைச் சாரமாக்கி ஏற்றுவதாக உடற்கூறியலும் காட்டவில்லை. ஆனால் லீ கேட்ட கேள்வி உயிருள்ளது: இந்த நோயாளி என்ன சாப்பிட்டார், எவ்வளவு உழைத்தார், எதை இழந்தார்? நிமிர்ந்து நிற்பது கணந்தோறும் உடல் செய்யும் வேலை, அதற்கு உணவும் ஓய்வும் வேண்டும் என்பதை அவர் கண்டார். பி.பி. கருவி எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குரியவர் சாப்பிட்டாரா என்று அது கேட்பதில்லை.

சோதித்துத் தவறென்று காட்டக்கூடிய கூற்று ஒன்று. வாழ்வைக் கவனிக்கக் கற்றுத்தரும் பார்வை இன்னொன்று. மருந்தைத் தீர்மானிக்க முதலாவதே வேண்டும். எப்படி வாழ்வது என்று யோசிக்க இரண்டாவதும் துணை நிற்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும். அதிமதுரத்தை அளவு மீறிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அதன் பின்னால் எத்தனை பழைய தத்துவம் இருந்தாலும் இது மாறாது.

என் வயதினரே, விழுந்து வணங்குங்கள். ஆனால் எழும்போது சற்று உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்திருங்கள். தலை சுற்றினால் படுத்தும் நின்றும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கஷாயத்தையோ மாத்திரையையோ நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.