விரிசலும் நாணயமும்

தாம் விற்கும் பொருளில் உள்ள குறையை அறிந்து மறைப்பது குற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தோட்டத்துக் கடையில் அரிசி நிறுப்பவர் முதற்கொண்டு பட்டணத்தில் வீடு விற்கும் தரகர் ஈறாக எல்லோரும் இதனை வாயளவிலேனும் ஒப்புக்கொள்வர். ஆனால் குறை உண்டா இல்லையா என்று பாராமலே இருந்துவிட்டு, கேட்டபொழுது "நாம் அறியோம்" என்று விடை கூறுவோமாயின், அது மெய்யா, பொய்யா? இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் உடைந்த பிளாஸ்டிக் உடலிலிருந்து எழுந்தது. அற்ப விஷயம் என்று நேயர்கள் நகையாது சற்றே செவி சாய்ப்பார்களாக.

ஹோண்டா எஸ்.டி. 1100 என்பது 1990-ஆம் ஆண்டு முதல் 2002-ஆம் ஆண்டு வரையில் செய்யப்பட்ட நெடும்பயண வண்டி. ஒரு முறைக்கு 28 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். நிரப்பிய நிலையில் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. எதிர்க்காற்றும் மழையும் ஓட்டுபவரை அறையாவண்ணம் முன்புறமும் இருபக்கமும் பிளாஸ்டிக் கவசம் பூண்டிருக்கும். இத்தகைய வண்டி ஒன்றை நாம் சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய வண்டியாகவே விலைக்கு வாங்கினோம். வாங்கிய அன்று அது கண்ணாடிபோல் மின்னியது. அந்த மினுமினுப்பிலே நாம் மயங்கினோம் என்பதை மறைப்பானேன்?

ஒரு நாள் தோட்டத்திலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்று, மழையில் ஊறிய செம்மண் தரையில் வண்டியை நிறுத்தினோம். தேநீர் அருந்தி முடிப்பதற்குள் வண்டியின் பக்கக்கால் மண்ணில் புதைந்து, வண்டி இடப்புறமாய்ச் சாய்ந்துவிட்டது. நால்வர் கூடித் தூக்கி நிறுத்தினோம். இடப்பக்கக் கவசத்தில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசல். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவசத்தைத் திருப்பிப் பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது. அவ்விரிசல் அன்று பிறந்ததன்று. முன்னமே பிளந்திருந்த இடத்தில் எவரோ புட்டியை அப்பித் தேய்த்து, மேலே சாயம் பூசியிருக்கின்றார். உட்புறத்தில் யாதொரு பலமும் கொடுக்கப்படவில்லை. நமக்கு வண்டியை விற்றவரை அன்று மனத்தால் மிகவும் வைதோம்.

பின்னர்ச் செப்பனிடத் தொடங்கினோம். இத்தொழிலை அறியாத அன்பர்களுக்காக அதனைச் சிறிது விரித்துரைக்கின்றோம்.

முதலில் அறிய வேண்டுவது பிளாஸ்டிக்கின் இனம். கவசத்தின் உட்புறத்தில் அதன் பெயர் சிற்றெழுத்துக்களில் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அசிட்டோன் என்னும் திரவத்தில் அது கரையும், பி.பி. என்றிருந்தால் கரையாது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும். நம்முடையது முன்னது. அதே இனத்துப் பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டுகளைச் சிறு சிறு சில்லுகளாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு மூடி வைத்தால் தேன் பதத்தில் குழம்பாகும். அசிட்டோனின் ஆவி எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் சுருட்டுக்கும் எட்டாத தூரத்தில் இதனைச் செய்தல் வேண்டும்.

விரிசல் முடியும் முனையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இடுவர். உடைந்ததை மேலும் உடைப்பதா என்று தோன்றும். ஆயின் இழுவிசை முழுவதும் கூரிய முனையிலேயே சென்று குவிவதால்தான் விரிசல் நாளுக்கு நாள் நீள்கின்றது. முனையை வட்டமாக்கினால் அவ்விசை பரவி அடங்கும். பிறகு வெளிப்புறத்தில் ஒட்டுத்தாளால் இரு விளிம்புகளையும் பொருத்திப் பிடித்து, உட்புறத்தில் விரிசலின் நெடுகிலும் வாய்க்கால்போல் செதுக்கி, சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, அழுக்கும் எண்ணெய்ப் பசையும் நீக்க வேண்டும். அதன் மேல் குழம்பை மெல்லியதாய்ப் பூசி, கண்ணாடியிழை வலையைப் பதித்து, உலர்ந்தபின் மறுபடியும் பூச வேண்டும். ஒரே முறையில் தடிப்பாய் அப்பினால் அசிட்டோன் கவசத்தையே இளக்கி நெளியச் செய்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாளாவது விட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இத்தொழில் ஆகாது. நாமே ஒரு முறை அவசரப்பட்டு ஒரு மூலையைக் கெடுத்துக்கொண்டோம்.

நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டால் என்ன என்பார் உளர். அப்பசை இறுகியபின் நொறுங்குந் தன்மையது. எஞ்சினின் அதிர்வைப் பல நாள் தாங்காது. கரைத்துச் செய்த குழம்போ, அசிட்டோன் முழுதும் ஆவியாய்ப் போனபின், கவசத்தோடு கவசமாய் ஒன்றுபட்டுவிடுகின்றது.

இத்தனையும் செய்து, வெளிப்புறத்தைச் சமன்படுத்திச் சாயம் பூசி முடித்தபின் விலகி நின்று பார்த்தோம். விரிசல் இருந்த சுவடே தெரியவில்லை. அப்பொழுதுதான் உள்ளம் உறுத்தத் தொடங்கிற்று. புட்டி அப்பியவரும் மறைத்தார், நாமும் மறைத்தோம். அவருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? உள்ளே பலம் கொடுத்தோம் என்பது ஒரு வேற்றுமைதான். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது புட்டி விட்டுப்போய்க் கவசத்தில் ஒரு துண்டு பறக்குமாயின், அது பின்னே வருபவன் முகத்தில் விழும். நாம் செய்த வேலையில் அந்த அச்சம் இல்லை. எனினும் விலைக்குக் கேட்டு வருபவனுக்கு இரண்டு வேலையும் ஒரே சாயமாய்த்தானே தோன்றும்?

கேட்டும் வந்தான் ஓர் இளைஞன். தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, வெள்ளி வெள்ளியாய்ச் சேர்த்து வைத்திருந்தவன். மனைவியுடன் தாய்லாந்து எல்லை வரையில் ஒரு முறையாவது போய்வர வேண்டும் என்பது அவன் அவா. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். விழுந்தது உண்டா என்று அவன் கேட்கவில்லை. கேளாததற்கு விடை சொல்ல வேண்டுமா? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடங்கொடுத்திருக்கின்றார் அன்றோ எனவும் ஒரு நினைவு ஓடிற்று. ஆசை மிகும்பொழுது நமக்குக் குறள் எவ்வளவு விரைவில் நினைவுக்கு வருகின்றது! அந்த நன்மை அவனுக்கா, நமக்கா என்று வினவிக்கொண்ட மாத்திரத்தில் அவ்வாதம் தளர்ந்தது. வண்டி விழுந்ததைச் சொன்னோம். இடப்பக்கக் கவசத்தைக் கழற்றி, உட்புறத்தைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தோம்.

அவன் வலை பதித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "யார் ஐயா செய்தது?" என்றான். நாமே என்றோம். மகிழ்ந்தான். நமக்கும் உள்ளூரப் பெருமிதமே. அடுத்து, மிகவும் மரியாதையாகவே, "வலப்பக்கம் எப்படி ஐயா?" என்று கேட்டான்.

"வலப்பக்கம் நாம் அறியோம், தம்பி. அது விழவில்லை," என்றோம். சொன்ன சொல் ஒவ்வொன்றும் மெய்யே. ஆயினும் சொல்லும்பொழுதே நா தடுமாறிற்று. இடப்பக்கத்தில் புட்டியைக் கண்ட அன்றே, வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்ப்போமா என்று ஒரு நினைவு வந்ததும், "இருக்கட்டும், இப்பொழுது எதற்கு" என்று அதனைத் தள்ளியதும் நமக்கு நன்றாய் நினைவிருந்தன. நேரமின்மையாலா தள்ளினோம்? இல்லை. அங்கும் புட்டி இருந்தால், பிறகு அறியோம் என்று சொல்ல இயலாதே என்னும் அச்சத்தால் தள்ளினோம். ஆதலின் நமது அறியாமை தானே வந்து அமைந்ததன்று. நாமே பேணி வளர்த்தது.

திருகுளியை எடுத்தோம். இளைஞன் கவசத்தைத் தாங்கிப் பிடிக்க, நாம் திருகாணிகளைக் கழற்றினோம். அடிப்பக்கத்தில் இரண்டு திருகாணிகள் அளவுக்கு மிஞ்சி முறுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குரிய ரப்பர் வளையங்கள் இல்லை. அவ்விரு துளைகளிலிருந்தும் கிளம்பிய விரிசல்கள் நடுவரை ஓடியிருந்தன. அவற்றின் மேலும் அதே சாம்பல் நிறப் புட்டி.

நமக்கு வண்டியை விற்றவரின் நினைவு அப்பொழுது வந்தது. அவரும் இவ்வண்டியைப் பிறரிடம் வாங்கியவரே. புட்டியை அப்பியவர் அவர்தாம் என்பதற்கு நம்மிடம் யாதொரு சான்றும் இல்லை. ஒருகால் அவரும், நம்மைப்போலவே, கழற்றிப் பாராதவராய் மாத்திரம் இருந்திருக்கலாம். அங்ஙனமாயின் அவரை வைத வசை அத்தனையும் நமக்கும் உரியதே.

அன்று விற்பனை நடக்கவில்லை. முன்பணம் தருகின்றேன் என்று இளைஞன் சொன்னான். வேலை முடியட்டும் என்று மறுத்துவிட்டோம். விலையில் 600 வெள்ளி குறைப்பதாக ஒப்புக்கொண்டோம், சிறிது வருத்தத்தோடுதான். வலப்பக்கக் கவசம் இப்பொழுது நம் வீட்டுத் திண்ணையில் குப்புறக் கிடக்கின்றது. இரண்டாம் பூச்சு இன்னும் உலரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.