நீரின் விலையும் மனிதரின் விலையும்





சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் வாழும் நம்மவர்க்குள் வரப்புத் தகராறும், பாகப்பிரிவினையும், கிணற்று நீர்ப் பங்கும் கோர்ட்டு வாசல் ஏறுகின்றன. வாய்தா மேல் வாய்தாவாக வருஷங்கள் கழிகின்றன. வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது.

சாக்கியர் நாட்டுக்கும் கோலியர் நாட்டுக்கும் நடுவே ரோகிணி நதி ஓடிற்று. ஒரு கோடையில் நீர் குறைந்து இருபுறமும் பயிர் வாடிற்று. உழவர் வாய்ச்சண்டையிட்டுப் பிறப்பை இழித்துப் பேசினர். உறவினராகிய இரு குலத்தாரும் ஆயுதம் ஏந்தி நின்றனர். பகவான் அங்கு எழுந்தருளி, சண்டை எதன் பொருட்டென வினவினார். அரசருக்குத் தெரியவில்லை, சேனாபதிக்கும் தெரியவில்லை. படிப்படியாகக் கேட்டுவர, வயலில் உழைத்த கூலியாட்களே தண்ணீருக்காக என்றனர். நீரின் விலை யாது, மனிதரின் விலை யாது என அடுத்து வினவினார். நீர் அற்பம், மனிதர் விலைமதிப்பற்றவர் என அவர்களே ஒப்பினர், ஆயுதங்கள் தாழ்ந்தன. மூலத்தைத் தேடுவதும், தீர்வை வழக்காளிகளின் வாயாலேயே வரச்செய்வதுமே மத்தியஸ்தத்தின் இலக்கணம்.

நம் மண்ணும் மத்தியஸ்தத்தை அறியும். ஆந்திரத்துக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நேர்ந்த எல்லைத் தகராறில் படாஸ்கர் மத்தியஸ்தரானார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னையைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கேட்டது முழுதும் எவருக்கும் கிட்டவில்லை. ஆயினும் எல்லை தீர்ந்தது.

இன்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி லோக் அதாலத் கூடுகிறது. அங்கே இருவரும் இசைந்து செய்யும் முடிவு சிவில் கோர்ட்டு டிக்கிரிக்கு ஒப்பானது. நிலுவை வழக்காயின் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. ஆனால் அம்முடிவின் மேல் அப்பீல் இல்லை. பத்திரம் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருப்பின், தமிழில் சொல்லக் கேட்டுப் பொருள் விளங்கிய பின்னரே கையொப்பமிடுக.

ஒன்றை மறவாதிருப்போம். மரத்தடியில் வலியோர் அமர்ந்து எளியோரைக் கைகட்டி நிற்கவைத்துச் சொல்வது சமாதானமாகாது. சமமாக அமர்ந்து, அச்சமின்றிப் பேசி, வேண்டாமெனில் எழுந்துபோகும் உரிமை உள்ள இடத்திலேதான் மத்தியஸ்தம் உண்டு. சாதியின் பேரால் அடித்தவனோடும், பெண்ணை மானபங்கம் செய்தவனோடும் பணம் வாங்கி ராஜியாகும்படி எவரேனும் வற்புறுத்தினால், அதற்கு இணங்கற்க. சமரசத்துக்கு உட்படாத குற்றங்களைத் தீர்க்க லோக் அதாலத்துக்கே அதிகாரமில்லை. ஊர்ப் பெரியவர்க்கு ஏது? பாபாசாகேப் அம்பேத்கர் நமக்கு தம்மத்தையும் காட்டினார், சட்டத்தையும் தந்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடலாகாது.

கருணை வேறு, பணிந்துபோதல் வேறு. சகோதரனோடு வரப்புக்காக வழக்காடுவோர், அடுத்த பௌர்ணமிக்கு முன் அவன் வாசலுக்குச் செல்வீராக. கொடுமைக்கு ஆளானோர் தயங்காது கோர்ட்டுக்குச் செல்வீராக, சங்கத்தார் உடன்வருவோம்.

சகல உயிர்களும் பகையின்றி வாழ்க!
சாது! சாது! சாது!