அளவுகோலும் அறமும்

தேர்வுக்கூடத்தில் ஒரு மாணவனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் தரப்படுகிறது. உடன் எழுதிய மாணவனின் பெற்றோர், "இது என்ன நியாயம்?" என்று கேட்கின்றனர். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நம் சமூகக் குடும்பங்களிலும் இக்கேள்வி எழக் கேட்டிருக்கிறோம். இதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடல் ஆகாது. அறநோக்கில் ஆராய்தற்குரிய வினா இது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக விரித்து, டிஸ்லெக்சியா முதலான கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. நுண்ணறிவில் குறையில்லாத குழந்தை படிப்பதிலோ, எழுதுவதிலோ, கணக்கிடுவதிலோ இடர்ப்படுவதே இக்குறைபாடு. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் இத்தகைய குழந்தைகள் 'மெல்லக் கற்போர்' என்னும் ஒரே பெயருள் அடக்கப்பட்டனர். வகுப்பறையிலோ 'மக்கு' என்ற சொல்லே வழங்கிற்று. 1990களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியரிடையே இதுபற்றிய அறிவைப் பரப்பலாயிற்று.

இனி நியாயத்தைக் காண்போம். வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை அளக்க ஏற்பட்டது. வினாவைப் படித்து முடிக்கவே பிறரினும் அதிக நேரம் கொள்ளும் மாணவனுக்கு ஒரே நேரம் தந்தால், அத்தேர்வு அவனது அறிவை விட்டுவிட்டு அவனது குறைபாட்டை அளந்து முடிக்கிறது. எனவேதான் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈட்டு நேரம் தருமாறு கூறிற்று. 2021 நவம்பரில், நீட் தேர்வில் இந்நேரம் மறுக்கப்பட்ட, எழுதுதல் குறைபாடுடைய மாணவியின் வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. மறுதேர்வுக்கு ஆணையிடாவிடினும், நேர்ந்த அநீதியைக் களையும் வழியை ஆராயுமாறு தேசியத் தேர்வு முகமையைப் பணித்தது.

"அப்படியாயின் எல்லோருக்குமே நேரத்தைக் கூட்டலாமே?" என்பாரும் உளர். விரைவு அளக்கப்படாத தேர்வுகளில் இது நல்ல யோசனையே. அவ்வாறு செய்தால், சான்றிதழுக்காக அலைவோர் தொகையும் குறையும்.

குறைபாடில்லாத பிள்ளைக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழ் பெறுவது வேறு செய்தி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பொய்ப் பத்திரம் எழுதுதலைச் சத்திய அணுவிரதத்தின் அதிசாரமாகவும், கூட்டியும் குறைத்தும் அளத்தலைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரமாகவும் கூறுகிறது. பொய்ச் சான்றிதழில் இவ்விரண்டும் ஒருங்கே அமைகின்றன. அது உண்மையில் இடர்ப்படும் குழந்தையின் மீதும் ஐயத்தைப் படரவிடுவதால், இம்சையும் உடன் சேர்கிறது.

ஆயினும் பொய்யர் சிலருக்கு அஞ்சி, உரியவர்க்கு மறுத்தல் தகுமோ? பள்ளி இறுதித் தேர்வில் தகுதியில்லாத ஒருவன் கூடுதல் நேரம் பெற்றால், அவன் சில மதிப்பெண்களை முறையின்றி அடைகிறான். தகுதியுடைய குழந்தைக்கு மறுத்தால், அதன் படிப்பே நின்றுபோகக்கூடும். ஆகவே இங்குக் கொடுக்கும் பக்கம் சாய்வதே தயை. இடங்கள் எண்ணிக்கைக்குட்பட்ட போட்டித் தேர்வில் நிலை வேறு. அங்குப் பொய்ச் சான்றிதழ் மற்றொருவரின் இடத்தைப் பறிக்கிறது. அங்கே சோதனை கடுமையாக இருக்கலாம். ஆனால் அது எளியோரும் செலவின்றி அணுகக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

பெரிய அநீதி இங்கேதான் உள்ளது. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் வசதியுள்ள பிள்ளையைத் தனியார் உளவியலாளரிடம் காட்டுகின்றனர். கூலி வேலை செய்வோரின் பிள்ளை, 'படிப்பு ஏறாதவன்' என்ற பெயரோடு எட்டாம் வகுப்பைத் தாண்டாமல் நிற்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005இல் நமக்கு அருகே முட்டுக்காட்டில் தொடங்கப்பட்டும், அதனை அறியாத பெற்றோர் பலர்.

"எல்லாம் ஞானாவரணீய கருமம், நாம் என்ன செய்ய முடியும்?" என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. அக்கருமம் உயிரின் அறிவை மறைக்கும் திரையே. உயிரின் இயல்பான அறிவு அழிவதில்லை. மேலும், அதே நூலின் ஆறாம் அத்தியாயம், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தலும் அறிவை மறைத்தலும் ஞானாவரணீய கருமத்தைக் கட்டும் காரணங்கள் என்கிறது. குழந்தையின் வினையைப் பேசிக்கொண்டு உதவியை மறுப்போர், அவ்வினையைத் தாமே தேடிக்கொள்கின்றனர்.

நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோரை மேடையேற்றிப் பரிசளிக்கின்றன. அது நன்று. அந்நிதியில் ஒரு பகுதியை, பின்தங்கி நிற்கும் குழந்தையைத் தக்காரிடம் சோதிக்கும் செலவுக்கும், தனிப்பயிற்சிக்கும் ஒதுக்குமாறு இல்லறத்தாரை வேண்டுகிறோம். நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானம் நூல் அச்சிட்டு வழங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்நூலைப் படிக்க இயலாது தவிக்கும் குழந்தைக்குப் படிக்கும் வழி காட்டுவதும் அதுவே.