பீடத்தில் ஓர் ஒழிந்த இடம்

வீரனுக்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இன்று நாற்சந்திகளில் நாம் காணும் சிலைகள் அக்கற்களின் வழித்தோன்றல்களே. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. கல்லில் நிற்பவர் ஒருவர். அவரை நிற்கச் செய்தவர் பலர். அப்பலரை நாம் நினைவதற்குச் சிலை துணை செய்கிறதா, மறப்பதற்கா?

நாம் பிழைக்க வந்த இம்மராட்டிய மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. சாத்தாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் என்னும் சிற்றூரில் 1926-ல் பிறந்த மல்லர் காஷாபா ஜாதவ், 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அது. அடுத்த பதக்கத்தை லியாண்டர் பயஸ் 1996-ல் அட்லாண்டாவில் வெல்லும்வரை நாடு 44 ஆண்டுகள் காத்திருந்தது.

ஹெல்சிங்கி செல்ல ஜாதவிடம் பணமில்லை. ஊரார் இயன்றதைத் திரட்டினர். அவர் பயின்ற கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேகர் தம் வீட்டையே அடகு வைத்து 7000 ரூபாய் தந்தார். ஒரு மாணவனின் தோள்வலியை நம்பித் தம் குடும்பத்தின் கூரையை ஈடுவைத்த ஆசிரியர்! வென்று திரும்பிய மல்லர், மல்யுத்தப் போட்டிகள் நடத்திக் கிடைத்த பணத்தால் அவ்வீட்டை மீட்டுக் கொடுத்தார் என்பர். ஜாதவ் 1984-ல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது அதன் பின்னரே வந்தது. தில்லியின் மல்யுத்த அரங்கமும் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. கர்டேகரின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

துணை நின்றவர்க்கும் இடம் தரும் சிலை உண்டோ எனின், அமெரிக்காவில் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005-ல் எழுந்த சிலையைச் சொல்லலாம். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் வெற்றி மேடையில், கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கைமுட்டி உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் அங்கே நிற்கின்றனர். அன்று அவர்களோடு மனித உரிமைச் சின்னம் அணிந்து நின்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனின் இரண்டாம் இடம் மட்டும் வெறுமையாக உள்ளது. காண வருவோர் அதில் ஏறி நிற்கட்டும் என்று அவரே விரும்பினாராம். ஏறுவோரில் பாதிப்பேர் படம் எடுத்துக்கொள்ளவே ஏறுவர்; அதனால் என்ன? 2006-ல் நார்மன் இறந்தபோது அவ்விருவரும் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தனர்.

சிலையே வேண்டா என்பது என் கருத்தன்று. குழந்தைகளுக்கு அண்ணாந்து பார்க்க ஒரு முகம் தேவை. எனினும் பிறர் குறையைப் பேசும் தகுதி எனக்குண்டா என்பதே ஐயம். நான் பட்டம் பெற்று, தேர்வெழுதி, மத்திய அரசில் எழுத்தனாக அமர்ந்தபோது தாராவியில் எங்கள் சந்தில் மாலையிட்டுப் பாராட்டினார்கள். நன்றி கூறி நானும் நெடுநேரம் பேசினேன். என் படிப்புக்காக அடகுக்குப் போன தமக்கையின் இரு வளையல்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜாதவ் வீட்டை மீட்டார். அவ்வளையல்களோ மூழ்கிப் போயின. திருமணத்தன்று தமக்கையின் கையில் கண்ணாடி வளையல்களே இருந்தன.