யாக்கோபின் வீட்டில்

ஆதியாகமத்தின் கடைசிப் பகுதியை யோசேப்பின் கதை என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். பலவருண அங்கி, குழி, சிறைச்சாலை, பார்வோனுக்கு அடுத்த இடம். பழுதுபட்ட ஒரு குடும்பத்துக்குள் கடவுள் எப்படிக் கிரியை செய்கிறார் என்று பார்க்க விரும்பினால், யோசேப்பை விற்ற யூதாவைத்தான் பின்தொடர வேண்டும் என்பேன்.

அந்த வீடு தொடக்கத்திலேயே கோணல். யாக்கோபு விரும்பியது ராகேலை. மாமன் லாபான் ஏமாற்றி முதலில் கட்டிவைத்தது லேயாளை. அக்காள் தங்கை இருவர், அவர்களுடைய பணிப்பெண்கள் இருவர், நால்வருக்கும் பிள்ளைகள். 12 மகன்களில் ராகேல் பெற்ற யோசேப்புக்கு மட்டும் தனி அங்கி. யூதாவோ லேயாளின் நான்காம் மகன், புருஷன் நேசிக்காத ஒருத்தியின் பிள்ளை. 17 வயதுத் தம்பி குழியில் கிடந்தபோது, கொன்று என்ன லாபம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான். விலை 20 வெள்ளிக்காசு. அப்புறம் அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து, இது உம்முடைய மகனுடையதா பாரும் என்று தகப்பனுக்கு அனுப்பினார்கள். ஆட்டுக்குட்டித் தோலைக் கையில் போர்த்திக்கொண்டு, கண் மங்கிய தன் தகப்பனை ஏமாற்றியவர்தான் யாக்கோபும்.

அடுத்த அதிகாரம், 38, யோசேப்பை அப்படியே விட்டுவிட்டு யூதாவின் வீட்டுக்குப் போகிறது. ஆராதனையில் அதை வாசிக்கப் பலரும் கூசுவார்கள். மூத்த மகன் ஏர் இறக்கிறான். விதவையான தாமாரை, அக்கால முறைப்படி அவன் தம்பி ஓனானுக்குக் கொடுக்கிறார்கள், அவனும் இறக்கிறான். மூன்றாமவன் சேலா வளரட்டும் என்று சொல்லி அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய யூதா, அவன் வளர்ந்த பிறகும் வாய் திறக்கவில்லை. தாமார் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்தாள். மருமகள் என்று தெரியாமல் அவளிடம் போன யூதா, முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல் மூன்றையும் அடகாகக் கொடுத்தான். அவள் கர்ப்பவதி என்று தெரிந்ததும், வெளியே இழுத்துக் கொளுத்துங்கள் என்றவனும் அவனே. அவள் அடகை அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்றாள். தகப்பனிடம் அவர்கள் கேட்ட அதே கேள்வி!

அதிகாரம் அவன் கையில் இருந்தது, மறுத்திருக்கலாம். நீதி அவள் பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டான். அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் எவரும் தம் குற்றத்தை இப்படி எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டதாக நாம் வாசிப்பதில்லை.

விற்ற நாளிலிருந்து 22 ஆண்டுகள் கழித்து, பஞ்ச காலத்தில், எகிப்தின் அதிபதியாக யோசேப்பு உட்கார்ந்திருக்கிறான். அவன் யாரென்று அறியாமல் தானியம் வாங்க வந்த சகோதரரில், ராகேலின் இளைய மகன் பென்யமீனின் சாக்கில் அவனுடைய வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. யூதா முன்னே வந்து நெடுநேரம் பேசுகிறான். தன் மனைவி பெற்றது இரண்டு பிள்ளைகள் என்று தகப்பன் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்கிறான். ராகேல் ஒருத்தியைத்தான் அந்தக் கிழவர் மனைவி என்கிறார். இதைச் சொல்லிக்கொண்டிருப்பவனோ லேயாளின் மகன். அதில் அவனுக்குக் கசப்பு இல்லை. இந்தப் பிள்ளை திரும்பாவிட்டால் தகப்பன் செத்துப்போவார், இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். தகப்பனின் பட்சபாதம் கொஞ்சமும் மாறவில்லை. மகன் மாறியிருக்கிறான். கடவுள் அந்த வீட்டில் செய்த பெரிய கிரியையாக நான் காண்பது இதைத்தான். இத்தனைக்கும் 37 முதல் 50 வரையான அதிகாரங்களில் அவர் நேரில் பேசுவது பெயெர்செபாவில், யாக்கோபிடம், ஒரே ஒரு முறை.

அதனால் வீடு சீராகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. யாக்கோபு இறந்ததும், தம்பி பழிவாங்குவானோ என்று அண்ணன்மார் நடுங்கினார்கள். யோசேப்பு அழுதான். ஆனாலும் தாவீதின் வம்சம் தாமார் யூதாவுக்குப் பெற்ற பேரேஸின் வழியில்தான் வந்தது. இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதிய மத்தேயு அவள் பெயரை மறைக்காமல் எழுதினார்.

அண்ணன்மார் நினைத்த தீமையைக் கடவுள் நன்மையாக்கினார் என்று சொன்னது யோசேப்பு, காயப்பட்டவன். விற்றவர்கள் அவனிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டில் அடியும் அவமானமும் பட்டு வருகிறவர்களிடம், எல்லாம் நன்மைக்கே என்று முந்திக்கொண்டு சொல்லும் போதகர்களும் சபை மூப்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வார்த்தையைக் காயப்பட்டவர்களே சொல்லும் நாள் வரட்டும். அதுவரை தாமார் நீட்டும் மோதிரத்தையும் கோலையும் பாருங்கள், யாருடையவை என்று விசாரியுங்கள்.